வண்டிக்குள் ஒரு வீடு: ஸ்டைன்பெக்கின் மூன்று வண்டிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண் லேப்டாப்பில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஒரு குடும்பம் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, துருவைச் சுரண்டி, பின்னால் மரத்தில் கூண்டு கட்டி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, குழந்தைகளோடு ஊர் சுற்றக் கிளம்புகிறது. "அப்பா, நாமளும் இந்த மாதிரி ஒண்ணு செய்யலாமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பதில் வந்துவிட்டது. "மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அதைத்தானே செய்யறோம்? என்ன, லாரி மட்டும் வாடகை லாரி."

வங்கி அதிகாரியின் மனைவி. சொல்ல உரிமை உண்டு :-)

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கிளம்பி, நாலு மாற்றல் பார்த்து, இப்போது நாக்பூரில் இருக்கிறோம். அன்று ராத்திரி அந்த வீடியோவை நானும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஜான் ஸ்டைன்பெக் ஞாபகம் வந்தார். 1962-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க எழுத்தாளர். வண்டிக்குள் வீடு கட்டும் இந்த விஷயம் அவர் வாழ்க்கையிலும் எழுத்திலும் மூன்று தடவை வருகிறது. முதல் இரண்டும் வறுமையின் வண்டிகள், மூன்றாவது வசதியின் வண்டி. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு நாட்டின் முப்பது வருடக் கதை கிடைக்கிறது. அதில் வங்கிக்கும் ஒரு வேஷம் இருக்கிறது, அவ்வளவு நல்ல வேஷம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வண்டி: ரொட்டி வேன், 1936

1936-ல் சான் பிரான்சிஸ்கோ நியூஸ் என்ற பத்திரிகை ஸ்டைன்பெக்கிடம் ஒரு வேலை கொடுத்தது. கலிஃபோர்னியாவின் பழத்தோட்டங்களுக்கும் பருத்திக் காடுகளுக்கும் கூலி வேலை தேடி வந்து குவிந்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களைப் பார்த்து எழுத வேண்டும். அவர் பழைய பேக்கரி வேன் ஒன்றைப் பிடித்தார். இரட்டைக் கதவு, கடகடவென்று ஆட்டம், தரையில் ஒரு மெத்தை. அதுதான் மொத்த வசதியும். அதில் போய்த்தான் அந்தக் கூலிகளின் முகாம்களைப் பார்த்தார். அந்த அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வந்தன.

அவர் பார்த்த மக்கள் யார்? ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்கன்சா, மிசௌரி மாநிலங்களின் குத்தகை விவசாயிகள். 1930-களில் இந்த நாலு மாநிலங்களிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கலிஃபோர்னியா போனார்கள். எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் எல்லோருக்கும் 'ஓக்கி' என்ற ஒரே பட்டப்பெயர். 'மதராசி' என்று கூப்பிடப்பட்ட நமக்கு இது புரியும்.

புழுதிப் புயலால் ஊரை விட்டுப் போனார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். புழுதி உண்மைதான். 1935 ஏப்ரல் 14-ம் தேதி வந்த புயலுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் புழுதி மையம் கொண்ட பகுதியைச் சேர்ந்தவர்கள் இல்லை. அவர்களைக் கிளப்பியது வேறு கணக்கு. பருத்தி விலை சரிந்தது. வறட்சி வந்தது. 1933-ல் விலையைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்து, சாகுபடிப் பரப்பைக் குறைத்தால் பணம் தருகிறேன் என்றது. பணம் பெரும்பாலும் நிலத்துக்காரன் கைக்குப் போனது. அவன் குறைத்தது குத்தகைக்காரனின் வயலை. கையில் வந்த காசில் டிராக்டர் வாங்கினான். அப்புறம் குத்தகைக்காரனே தேவையில்லை என்று ஆகிவிட்டது.

விவசாயியைக் காப்பாற்றப் போட்ட திட்டம் ஒரு பகுதி விவசாயியை வீட்டை விட்டு வெளியே தள்ளியது. திட்டங்களை நிறைவேற்றும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

அந்தப் பயணத்தில் ஸ்டைன்பெக்குக்கு வழிகாட்டியாக இருந்தவர் டாம் காலின்ஸ். பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் ஆர்வின் என்ற இடத்தில் மத்திய அரசு நடத்திய முகாமின் மேலாளர். கூடாரம் போட இடம், குளிக்க ஷவர், துணி துவைக்கத் தொட்டி, தண்ணீர் விட்டுக் கழுவும் கழிவறை. முகாமை நடத்த அங்கே தங்கியவர்களே தேர்ந்தெடுத்த கமிட்டி. காலின்ஸ் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில் மக்கள் பேசியது, பாடியது, சாப்பிட்டது எல்லாம் எழுதியிருந்தார். அந்த அறிக்கைகள்தான் நாவலுக்கு உரம். 1939-ல் வந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை ஸ்டைன்பெக் இரண்டு பேருக்குச் சமர்ப்பித்தார். ஒருவர் அப்போதைய மனைவி கேரல். இன்னொருவர் இந்த டாம்.

இரண்டாவது வண்டி: ஜோட் குடும்பத்தின் ஹட்சன்

இது நாவலில் வரும் வண்டி. ஹட்சன் சூப்பர் சிக்ஸ் என்ற பழைய கார். அதன் பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, லாரி மாதிரி மரப்பலகை பாடி கட்டியிருக்கிறார்கள். கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. மேலே மழைக்கும் வெயிலுக்கும் தார்ப்பாய். ஏறுகிறவர்கள் குடும்பத்தில் பன்னிரண்டு பேர், கூட ஒரு முன்னாள் பாதிரியார். ஆக பதிமூன்று.

அந்த வண்டியைத் தயார் செய்யும் அத்தியாயத்தை மாற்றலுக்காக மூட்டை கட்டிய எந்தக் குடும்பமும் படிக்க வேண்டும். குதிரை, வண்டி, உழவுச் சாமான் எல்லாவற்றையும் கொண்டுபோய் விற்கிறார்கள். கிடைப்பது 18 டாலர். வாங்குகிறவனுக்குத் தெரியும், இவர்களால் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது என்று. பன்றி அடித்து, கறியை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குகிறார்கள். மெத்தைகள், பாத்திரம், விளக்கு ஏறுகின்றன. கடைசியில் அம்மா ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக உட்காருகிறாள். பழைய கடிதங்கள், போட்டோக்கள், பேப்பர் நறுக்குகள். ஒன்றிரண்டு நகையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அடுப்பில் போட்டுவிடுகிறாள். நாவலாசிரியர் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

பழைய வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. பழைய கார் வியாபாரிகளைப் பற்றியே ஓர் அத்தியாயம். கியர் சத்தம் போடாமல் இருக்க அதற்குள் மரத்தூளைக் கொட்டி விற்பார்கள். ஊருக்கு வெளியே நாற்பது மைல் தாண்டித்தான் வண்டவாளம் தெரியும். வழியில் கூடச் சேர்ந்துகொள்ளும் இன்னொரு குடும்பத்தின் காரில் கனெக்டிங் ராட் பேரிங் போய்விடும். அண்ணனும் தம்பியும் பழைய இரும்புக் கடையில் ஒரு ராடைத் தேடி எடுத்து, பிஸ்டன் ரிங் விரியாமல் இருக்கச் சன்னமான பித்தளைக் கம்பியைச் சுற்றி, ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் பொருத்துவார்கள். இஞ்சின் சூடானதும் கம்பி தானாக உருகிப் போய்விடும். ஸ்டைன்பெக்குக்கு வண்டி வேலை தெரியும் என்பது அந்தப் பக்கங்களைப் படித்தாலே விளங்கும்.

அவர்கள் போன சாலை 66-ம் எண் நெடுஞ்சாலை. 1926-ல் அறிவிக்கப்பட்டது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வரை, சுமார் 3,900 கிலோமீட்டர். கிளம்பின முதல் ராத்திரியே தாத்தா இறந்துபோகிறார். சாலை ஓரமாகப் புதைக்கிறார்கள். கடைசியில் மொஹாவி பாலைவனத்தை ராத்திரியில் தாண்டும்போது பாட்டி போய்விடுகிறாள். கலிஃபோர்னியாவின் விவசாயச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, சாமானை இறக்கச் சொல்கிறார்கள். அம்மா இறங்கிவந்து, கிழவிக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போக வேண்டும் என்று கெஞ்சி வண்டியைக் கிளப்பவைக்கிறாள். விடிந்த பிறகுதான் சொல்கிறாள், பாட்டி சோதனைச் சாவடிக்கு முன்பே இறந்துவிட்டாள் என்று. ராத்திரி முழுக்கப் பிணத்தின் பக்கத்தில் படுத்து வந்திருக்கிறாள். குடும்பம் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான்.

கதைக்கு வெளியிலும் ஒரு ஹட்சன் உண்டு. டோரத்தியா லாங்கே 1936 மார்ச்சில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கை, தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள். ஃப்ளோரன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தப் பெண்ணின் குடும்பம் வந்ததும் ஹட்சன் காரில்தான். டைமிங் செயின் அறுந்து, நிபோமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே குறிப்பு எழுதினார். டயரை விற்கவே இல்லை என்று குடும்பம் பிற்பாடு மறுத்தது. டயரை விற்றால் அப்புறம் எப்படி ஊர் போய்ச் சேருவது? நடுவழியில் நிற்பவனுக்குச் சாப்பாட்டுக்கு அடுத்தது டயர்தான் என்று வெளியிலிருந்து பார்த்தவருக்குத் தோன்றவில்லை.

எல்லையில் ஒரு வழக்கு

1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தன் ஆட்கள் 136 பேரை மாநில எல்லைக்கே அனுப்பினார். கையில் காசு இல்லாதவன் உள்ளே வரக் கூடாது. ஒரு நகரத்தின் போலீசுக்கு நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் எல்லையில் என்ன அதிகாரம் என்ற கேள்வி எழுந்து, சில வாரங்களில் அந்தத் தடுப்பு முடிந்தது.

ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. ஏழை ஒருவனைத் தெரிந்தே மாநிலத்துக்குள் கூட்டி வருவது குற்றம். ஃப்ரெட் எட்வர்ட்ஸ் என்பவர் 1939 டிசம்பரில் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு வண்டி ஓட்டிப் போய், வேலை இல்லாத மைத்துனரை அழைத்து வந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. தண்டனை ஆறு மாதம், நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1941 நவம்பர் 24-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பானது.

பி.காம். படித்த எனக்கு இதில் ஒரு சுவாரசியம். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒரு மாநிலம் தடுக்க முடியாது என்ற விதியின் கீழ்தான் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அதாவது மனிதன் எல்லை தாண்டுவதும் ஒரு வணிகம். நீதிபதி ஜாக்சனுக்கு இது பிடிக்கவில்லை. முடிவை ஒப்புக்கொண்டார், காரணத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதனைச் சரக்கோடு சேர்க்காதீர்கள், நாட்டின் குடிமகன் என்பதாலேயே அவனுக்கு எங்கும் போக உரிமை உண்டு என்பது அவர் வாதம். நம் அரசியல் சட்டம் 1950-லேயே இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. 19-வது பிரிவு, இந்தியா முழுவதும் தடையின்றிச் செல்லவும் எங்கும் தங்கிக் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை என்று நேராகவே சொல்கிறது. நாக்பூரில் நான் பால் வாங்குவதும் என் பெண் பள்ளிக்குப் போவதும் அந்த வரியின் மேல்தான் நடக்கிறது.

என் பேனா எழுதிய பட்டியல்

இந்த நாவலில் வங்கி ஓர் அரக்கன். குத்தகைக்காரர்கள் கேட்பார்கள், யார் எங்களை வெளியே போகச் சொல்வது என்று. நான் இல்லை, வங்கி என்பார் நிலத்துக்காரரின் ஆள். வங்கி என்றால் யார் என்பார்கள். ஆள் இல்லை, ஆட்களால் ஆனது, ஆனால் அவர்கள் யார் கையிலும் அது இல்லை என்று பதில் வரும். கல்லூரியில் படித்தபோது இது எனக்கு வெறும் வசனம்.

பன்னிரண்டு வருடம் முன்னால் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். சிறிய சரக்கு வண்டிக்குக் கடன் வாங்கிய ஒருவர், பல மாதம் தவணை கட்டவில்லை. நோட்டீஸ் போய், கெடு முடிந்து, வண்டியை எடுக்கப் போனோம். சந்தைக்குச் சந்தை போய்ப் பிளாஸ்டிக் சாமான் விற்கும் குடும்பம். பின்பக்கத்தைத் திறந்தால் உள்ளே ஒரு வீடு. பக்கத்தில் பிளைவுட் பலகையை மடக்குக் கட்டிலாக அடித்திருந்தார்கள். ஸ்டவ் உருளாமல் இருக்க இரும்புப் பட்டை. ஆணியில் தொங்கும் டிபன் கேரியர், ஒரு சாமி படம். கூரைக் கம்பியில் குழந்தைக்குத் தூளி.

கடன் வண்டிக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் சாமான் அவர்களுடையது. விதிப்படி ஒவ்வொன்றாக எழுதி, கையெழுத்து வாங்கி, ஒப்படைக்க வேண்டும். எழுதினேன். அலுமினியப் பானை 2, போர்வை 3, ஸ்டவ் 1. தூளியை அவிழ்க்கும்போது முடிச்சு இறுகிப் போயிருந்தது. அந்தப் பெண் ரொம்ப நேரம் முயன்று பார்த்தாள். அறுத்துவிடச் சொல்லி எங்களோடு வந்த ஆள் கத்தியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டாள்.

நான் செய்தது விதிப்படி சரி. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். டெபாசிட் போட்டவனின் பணத்துக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் என்னிடம் "சாப், யாரிடம் பேச வேண்டும்?" என்று கேட்டபோது, "என் கையில் இல்லை, மேலிடம்" என்றுதான் சொன்னேன். அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படித்தது அந்த வாரம்தான்.

மூன்றாவது வண்டி: ரோசினாண்டே, 1960

1960-ல் ஸ்டைன்பெக்குக்கு 58 வயது. புகழ், பணம் எல்லாம் வந்துவிட்டது. உடம்பு சரியில்லை. நாட்டைப் பற்றி எழுதுகிறோம், நாட்டைப் பார்த்தே பல வருடம் ஆகிவிட்டதே என்ற உறுத்தல். வண்டி கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே கடிதம் போட்டு, தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னார். வந்தது ஜி.எம்.சி. முக்கால் டன் பிக்கப். வி-6 இஞ்சின், ஆட்டோமேடிக் கியர், பெரிய சைஸ் ஜெனரேட்டர். முதுகில் மிச்சிகன் மாநிலத்தின் வுல்வரின் கம்பெனி செய்த கூண்டு. உள்ளே இரட்டைக் கட்டில், நாலு பர்னர் அடுப்பு, ஹீட்டர், பியூட்டேன் வாயுவில் ஓடும் ஃப்ரிட்ஜ், ரசாயனக் கழிவறை, அலமாரி, கொசுவலை அடித்த ஜன்னல். டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரைச் சூட்டினார்: ரோசினாண்டே.

துணி துவைக்க அவர் செய்த ஏற்பாடு என் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூடி போட்ட பிளாஸ்டிக் குப்பை வாளி ஒன்றை அலமாரிக்குள் ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டார். அழுக்குத் துணி, தண்ணீர், சோப்புத்தூள். வண்டி ஓடும் ஆட்டத்தில் நாள் முழுக்கத் துணி தானாக அலசப்படும்.

செய்த தப்பு, நாம் எல்லோரும் செய்வது. தேவைக்கு மேல் ஏற்றிவிட்டார். கருவிகள், உதிரிப் பாகங்கள், படிக்கவே நேரம் கிடைக்காத புத்தகங்கள் மட்டும் சுமார் 70 கிலோ. பாரம் தாங்காமல் ஓரிகனில் ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை பின் டயர் வெடித்தது. கூண்டு கட்டிய வண்டிக்கு முதல் எதிரி எடைதான். சேஸிஸ் தாங்கும் எடையிலிருந்து கூண்டு, தண்ணீர், ஆட்கள் எல்லாவற்றையும் கழித்த மிச்சம்தான் சாமானுக்கு. பட்ஜெட் போடுகிற மாதிரி.

1960 செப்டம்பர் 23-ல் நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து, சார்லி என்ற பூடில் நாயோடு கிளம்பினார். சுமார் 10,000 மைல். 1962-ல் புத்தகமாக வந்தது 'டிராவல்ஸ் வித் சார்லி'. கிளம்புமுன் வண்டியைப் பார்க்க வந்த ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரே ஏக்கம், நாமும் எங்காவது போய்விட மாட்டோமா என்று. இருபத்தைந்து வருடம் முன்பு மெத்தை ஏற்றிய வண்டியைக் கண்டால் போலீசைக் கூப்பிட்ட நாடு இது. வண்டி அதேதான். திரும்பிப் போக வீடு இருக்கிறதா இல்லையா, அதுதான் வித்தியாசம்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பில் ஸ்டைகர்வால்டு என்ற பத்திரிகையாளர் 2010-ல் அதே வழியில் போய்ச் சரிபார்த்தார். ஸ்டைன்பெக் வண்டிக்குள் படுத்த ராத்திரிகள் கொஞ்சம்தான், பல நாள் ஹோட்டலிலும் மோட்டலிலும், நிறைய நாள் மனைவி எலெய்னோடும் கழித்திருக்கிறார் என்று 2011-ல் எழுதினார். புத்தகத்தில் கற்பனை கலந்திருக்கிறது என்பதை 2012-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையும் ஒப்புக்கொண்டது. எனக்கு இதில் பெரிய ஏமாற்றம் இல்லை. ஜோட் குடும்பத்துக்கு ஹோட்டல் என்ற வழி இல்லை, இவருக்கு இருந்தது.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. சக்கரம் வைத்த வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறார், வேர் இல்லாமல் வாழ்கிறோமே என்று தோன்றவில்லையா என்று. வீட்டுக்காரரின் அப்பா இத்தாலியிலிருந்து வந்தவர். பரம்பரை பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்த குடும்பம். அங்கே வேர் இருந்தது, குழாய்த் தண்ணீரும் கழிவறையும் இல்லை, வாய்ப்புக் கொடுத்தால் வேரை வெட்டிக்கொண்டு வரத்தான் செய்வார்கள் என்கிற மாதிரி அவர் பதில் சொல்கிறார். இதைப் படித்ததும் ஆர்வின் முகாமை நினைத்துக்கொண்டேன். அதை மாதிரியாக வைத்து எழுதிய முகாமில், ஜோட் வீட்டுக் குழந்தைகள் தண்ணீர் கொட்டும் கழிவறையை முதன்முதலாகப் பார்த்து, உடைத்துவிட்டோம் என்று பயந்து ஓடும்.

ரோசினாண்டே இப்போது ஸ்டைன்பெக் பிறந்த சாலினாஸ் ஊரில், அவர் பெயரில் உள்ள மையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது.

இதையெல்லாம் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். "அப்போ நம்ம ஊர் எதுப்பா?" என்றாள். கோவில்பட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அங்கே மொத்தமாக இருந்தது நாற்பது நாள் இருக்கும். பதில் சொல்லாமல் பரணைக் காட்டினேன். நாலு ஊரிலும் பிரிக்காமலே வந்துகொண்டிருக்கும் ஒரு அட்டைப்பெட்டி அங்கே இருக்கிறது. மேலே என் அம்மாவின் கையெழுத்தில் 'கடுதாசி, போட்டோ' என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு மாற்றலின்போதும், எடை கூடுகிறது, இதை விட்டுவிடலாம் என்று நான்தான் சொல்வேன். ஒவ்வொரு முறையும் மனைவி அதைத்தான் முதலில் ஏற்றுவாள்.

அடுத்த மாற்றலில் நானே ஏற்றுகிறேன்.